பாஸ் வாங்குமுன் பற்று வரவு போடுங்கள்

கேள்வி: ஏப்ரலில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். அப்பச்சி, ஆத்தா, நான், மனைவி, எட்டு வயது மகன். டோக்கியோவில் நான்கு நாள், கியோட்டோ, ஒசாகாவில் நான்கு நாள், மறுபடி டோக்கியோ வந்து விமானம். ஆளுக்கு ஒரு ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் (நாடு முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ரயில் ஏறலாம்) எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். யூடியூபிலும் அதையேதான் சொல்கிறார்கள். எடுக்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம். நீங்கள் பார்த்தது பழைய வீடியோவாக இருக்கும். 2023 அக்டோபருக்கு முன்னால் ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பும் கட்டணமே ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்னதில் அப்போது நியாயம் இருந்தது. அந்த அக்டோபரில் ஒரேயடியாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். விலை மாறியது, வீடியோ மாறவில்லை.

நம் ஊரில் பேரேடு பார்த்தவர்களுக்கு இது பெரிய கணக்கே இல்லை. டோக்கியோ-கியோட்டோ புல்லட் ரயில் சுமார் 14,000 யென். கியோட்டோ-ஒசாகா சாதாரண ரயில் சில நூறு யென். ஒசாகாவிலிருந்து டோக்கியோ சுமார் 14,700. ஆக 29,500க்குள் முடிகிறது. பாஸ் எடுத்தால் பெரியவர் ஒருவருக்கு 20,000 யென் வீண். மகனுக்குப் பாஸும் பாதி, டிக்கெட்டும் பாதி (6 முதல் 11 வயது வரை அப்படித்தான்), அதில் ஒரு பத்தாயிரம். மொத்தம் 90,000 யென்னுக்கு மேல். நம் பணத்தில் ஐம்பதாயிரம் ரூபாய் அளவுக்கு வரும்.

சரி, ஹிரோஷிமாவும் சேர்த்தால்? டோக்கியோவிலிருந்து ஒரு வழி சுமார் 19,500. போய்வந்தாலும் 40,000ஐத் தொடாது. தெற்கே ஃபுகுவோகா வரை போய்வந்தால்கூட 46,000, 47,000தான். அதோடு வழியில் நாலு ஊர் இறங்கி ஏறினால்தான் பாஸ் கட்டுப்படியாகும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஏழு நாளில் அப்படி ஓட முடியுமா என்பதை நீங்களே சொல்லுங்கள். பாஸின் நாட்கள் தொடர்ச்சியாக ஓடுபவை. ஆத்தா ஒரு நாள் முழங்கால் வலி என்று ஓட்டலிலேயே இருந்துவிட்டால் அந்த நாளும் கழிந்துவிடும்.

இன்னொன்று. அடிக்கடி ஓடுவதும் வேகமாகப் போவதும் நோசோமி ரயில். பாஸ் வைத்திருப்பவர் அதில் ஏற, கியோட்டோ வரைக்கும் தனியாக 4,960 யென் கட்ட வேண்டும். கட்டாமல் போக வேண்டுமானால் ஹிகாரி ரயில். அரை மணி நேரம்போலக் கூடுதலாகும், அவ்வளவுதான். டோக்கியோ மெட்ரோவுக்குப் பாஸ் செல்லாது. அதற்கு சுய்கா மாதிரி ஒரு கார்டை எடுத்துப் பணம் ஏற்றிக்கொண்டால் போதும்.

உண்மையில் பணம் மிச்சம் பண்ண வேண்டுமானால் விமான டிக்கெட்டில் கை வையுங்கள். டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவிலிருந்தே ஊருக்குத் திரும்புகிற மாதிரி எடுத்தால் திரும்பும் புல்லட் ரயில் செலவே இல்லை. விமானத்தில் விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் இதுதான் என் முதல் யோசனை. கனசாவா நகரம் பார்க்க ஆசையிருந்தால் ஹொகுரிகு ஆர்ச் பாஸ் என்று ஒன்று உண்டு. டோக்கியோவிலிருந்து கனசாவா வழியாகச் சுற்றி கியோட்டோ, ஒசாகா போகலாம். நாடு முழுக்கச் செல்லும் பாஸைவிட விலை குறைவு. ஆனால் டோக்கியோ-கியோட்டோ நேர்வழிப் புல்லட் ரயிலுக்கு அது செல்லாது.

பெட்டி விஷயம் மறந்துவிடாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் வருகிற பெட்டிக்கு, டோக்கியோ-கியோட்டோ புல்லட் ரயிலில் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் கொண்டுபோனால் 1,000 யென். முறுக்கும் சீடையும் கட்டிக்கொண்டு போகிற குடும்பங்களுக்கு இது நிச்சயம் பொருந்தும்.

கேள்வி: மகள் ஜூரிக்கில் இருக்கிறாள். பேறுகாலத்துக்காக ஒரு மாதம் போகிறேன். நடுவில் சனி, ஞாயிறுகளில் மாப்பிள்ளை மலை, ஏரி என்று கூட்டிப்போவதாகச் சொல்கிறார். எட்டு நாள் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்துவிடலாமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: ஆச்சி, பிள்ளை பெற்ற வீட்டை விட்டுவிட்டு எட்டு நாள் தொடர்ந்து ஊர் சுற்றவா போகிறீர்கள்? உங்களுக்குச் சரியானது ஹாஃப் ஃபேர் கார்டு. ஒரு மாதம் செல்லும். ரயில், பஸ், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதிக் கட்டணம். வீட்டிலேயே இருக்கும் நாட்களில் எதுவும் வீணாவதில்லை.

டிராவல் பாஸ் மோசம் என்று சொல்லவில்லை. தினம் ஒரு ஊர் என்று ஓடுபவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. ரயில், பஸ், ஏரிப் படகு, நகர டிராம், 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள், ரிகி மலை ரயில் வரை அதிலேயே அடங்கும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரோடு வந்தால் ஃபேமிலி கார்டில் இலவசம். ஆனால் எல்லோரும் போக ஆசைப்படும் யுங்ஃப்ராவ்யோக் பனிமலைக்கு மேலே போக அந்தப் பாஸுக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி. உங்கள் பாதிக் கட்டணக் கார்டுக்கு அங்கேயும் பாதி. விலை கூடின பாஸுக்குத் தள்ளுபடி குறைவு என்பது வேடிக்கைதான், ஆனால் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

அங்கேயே குடியிருப்பதால் மாப்பிள்ளைக்கு டிராவல் பாஸ் தர மாட்டார்கள், அது வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு மட்டும். நாள் முழுக்க அலைகிற ஞாயிற்றுக்கிழமைக்கு சேவர் டே பாஸ் என்று ஒன்றை அவர் உங்கள் பெயரில் முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். எவ்வளவு முன்னால் எடுக்கிறாரோ அவ்வளவு மலிவு, உங்களிடம் பாதிக் கட்டணக் கார்டு இருந்தால் இன்னும் மலிவு.

கேள்வி: சிங்கப்பூரில் மூன்று நாள். டூரிஸ்ட் பாஸ் லாபமா? (கண்டனூர் வாசகர்)

பதில்: டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், லிட்டில் இந்தியா, மெரினா பே என்று நாளுக்கு நாலைந்து முறை ஏறி இறங்குபவருக்குப் பெரும்பாலும் லாபமில்லை. அங்கே ஒரு மெட்ரோ பயணம் ஒன்று, இரண்டு டாலர்தான். வங்கிக் கார்டையே வாசலில் தட்டிப் போகலாம். உங்கள் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது. படிப்பு முடிந்து நண்பர்களோடு பாரிஸ், மிலன், ரோம் போகிறோம். ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கலாமா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் சொன்ன மூன்றும் பாஸுக்கு ஒத்துவராத ஊர்கள். பிரான்ஸ், இத்தாலியின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிப் பணம் கட்ட வேண்டும். சில ரயில்களில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். தேதி முடிவாகிவிட்டதென்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுங்கள், அதுதான் மலிவு. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் திட்டமில்லாமல் சுற்றுவதென்றால் பேச்சு வேறு. அங்கே பெரும்பாலான ரயில்களில் பதிவு கட்டாயமில்லை, 27 வயது வரை இளைஞர் விலையும் உண்டு. இரவு ரயில் ஏறினால் ஏறிய நாள் மட்டும்தான் பாஸின் நாள் கணக்கில் கழியும். அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ஏஜென்டிடம் ஜப்பான் பாஸுக்கான எக்ஸ்சேஞ்ச் ஆர்டர் (பிறகு பாஸாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) வாங்கினேன். விசா கிடைக்கவில்லை. பணம் திரும்பாது என்கிறார். (காரைக்குடி வாசகி)

பதில்: பாஸாக மாற்றாத ஆர்டரை, வழங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள், வாங்கிய இடத்திலேயே கொடுத்து, கழிவு போக மீதியைப் பெறலாம் என்பதுதான் பாஸின் விதி. முதலில் ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், போனில் பேசினால் பதிவு இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், ஏஜென்ட் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கை நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அடுத்த முறை விசா கைக்கு வந்த பிறகு பாஸை வாங்குங்கள், அதை இணையத்தில் நீங்களே எடுக்கலாம்.