வேலை செய்யாத சப்ஜெக்ட்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 'தேர் ஆர் மெனி புக்ஸ் ஆன் தி டேபிள்' என்பதில் சப்ஜெக்ட் எது, பிரெடிகேட் எது என்று வீட்டுப்பாடம். வேலையைச் செய்வதுதான் சப்ஜெக்ட் என்று சொல்லிக்கொடுத்தேன். "இங்கே யாரும் எந்த வேலையும் செய்யலையேப்பா" என்கிறாள். 'தேர்'தான் சப்ஜெக்ட் என்று டீச்சர் சொன்னாராம். டீச்சருக்கே தெரியவில்லை போல. நான் தமிழ் மீடியம், சொல்லித்தரக் கூச்சமாக இருக்கிறது. நல்ல ஆப் ஏதாவது உண்டா?

ஆர்., தேனி

அன்புள்ள ஆர்.,

ஆப் வேண்டாம். தமிழ் மீடியக் கூச்சத்தைப் பற்றி இன்னொரு முறை எழுதினால் பதில் போட மாட்டேன்.

உங்கள் மகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் கேட்ட கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இலக்கணம் தானாக வரும். கெடுப்பது நீங்கள்தான். 'தி கிளாஸ் வாஸ் புரோக்கன் பை தி கேட்'. உடைத்தது பூனை, சப்ஜெக்ட் கண்ணாடி. 'இட் இஸ் ரெய்னிங்'கில் அந்த 'இட்' என்ன வேலை செய்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் சப்ஜெக்டின் நாற்காலியைக் காலியாக விட முடியாது, அவ்வளவுதான். நமக்கு 'வந்தேன்' என்றாலே வந்தது யார் என்று தெரிந்துவிடும். பழைய ஆங்கிலத்திலும் வினைக்கு அப்படி விகுதிகள் இருந்தன. நாளடைவில் தேய்ந்து, நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட்டுக்கு வரும் ஒரு 'எஸ்'தான் பெரும்பாலும் மிச்சம். அதனால் யார் எங்கே உட்காருகிறார் என்பதுதான் அங்கே பெரிய விஷயம்.

போன வாரம் எங்கள் குடியிருப்பு லிஃப்டில் ஒரு நோட்டீஸ்: 'தி கீ ஆஃப் தி டெரஸ் டோர்ஸ் ஆர் வித் தி வாட்ச்மேன்'. யாரோ 'ஆர்'ஐ அடித்து 'இஸ்' என்று பேனாவால் திருத்தியிருந்தார். அதற்கும் கீழே இன்னொருவர், 'டோர்ஸ் பன்மை, ஆர்தான் சரி' என்று பென்சிலால். செக்ரட்டரியும் பென்சில்காரர் கட்சி. மூன்று மாடி ஏறும்வரை அவரிடம் வாதாடினேன். வாக்கியக் கடைசியில் ஒரு குட்டிக் கேள்வியை வாலாக ஒட்டிப் பாருங்கள் என்றேன். 'தி கீ ஆஃப் தி டெரஸ் டோர்ஸ் இஸ் வித் தி வாட்ச்மேன், இஸின்ட் இட்?' வாலில் வருவது 'இட்'. 'தே' இல்லை. அப்படியானால் சப்ஜெக்ட் சாவி, கதவுகள் இல்லை. வாட்ச்மேனிடம் இருப்பதும் சாவிதானே!

இவ்வளவு சுலபமான சோதனை. ஆனால் நம் ஆட்களுக்கு அது வேலை செய்யாது. ஏன்? 'இல்லையா' என்ற நம் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' போட்டு அதைக் கெடுத்து வைத்திருக்கிறோம். 'யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?' 'தே வென்ட் ஹோம், இஸின்ட் இட்?' லண்டன் பையன்களும் எதற்கெடுத்தாலும் 'இஸின்ட் இட்'டைச் சுருக்கி 'இன்னிட்' என்கிறார்களே என்று சண்டைக்கு வராதீர்கள். அவர்களுக்கு 'டிடின்ட் தே'யும் வரும். உங்கள் மகளை ஒரு மாதம் பேசும் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் சரியான வாலை ஒட்டச் சொல்லுங்கள். 'தி பாய்ஸ் ஹூ லிவ் நெக்ஸ்ட் டோர் ஆர் நாய்ஸி, ஆரின்ட் தே?' சப்ஜெக்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் வாலில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி வந்து நிற்கும். நீங்களும் கூடவே செய்யுங்கள், கூச்சம் போகும்.

சரி, வீட்டுப்பாடம். 'ஆரின்ட் தேர்?' என்றுதான் வால் வருகிறது. கேள்வியாக்கினாலும் 'ஆர் தேர் மெனி புக்ஸ்?' டீச்சர் சொன்னது சரி. 'ஆர்' என்ற பன்மை புக்ஸைப் பார்த்து வந்தது என்பதால் பழைய பள்ளி இலக்கணங்கள் 'மெனி புக்ஸ்' என்றுதான் சொல்லும். அதற்கும் நியாயம் உண்டு. டீச்சருக்குத் தெரியவில்லை என்று மகள் காதுபடச் சொல்லியிருந்தால், அவள் காதுபடவே திருத்திச் சொல்லுங்கள்.

அப்புறம், பிரெடிகேட். சப்ஜெக்ட் போக மிச்சம் எல்லாம்.