சுண்டெலியின் மார்பகக் கட்டியும் ஹார்மோன்களும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஈஸ்ட்ரோஜென்தான் சுண்டெலிக்கு மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று கட்டுரையில் எழுதலாமா சார்?

அப்படி மொட்டையாக எழுதாதீர்கள். ஈஸ்ட்ரோஜெனைச் சுரக்கும் சினைப்பைக்குப் பங்கு உண்டு என்பது பழைய செய்தி. இளவயதில் அதை எடுத்துவிட்டால் கட்டி வெகுவாகக் குறைகிறது என்று 1916இலேயே ஆபி லாத்ராப்பும் லியோ லோபும் காட்டிவிட்டார்கள். (லாத்ராப் மாசசூசெட்ஸில் எலி வளர்த்து விற்றவர். அவர் வளர்த்த எலிகள் இல்லாமல் அந்த ஆய்வே இல்லை, அவர் பெயரை விட்டுவிடாதீர்கள்.) 1932இல் பாரிஸில் லக்கசாஞ் என்ற ஆய்வாளர், ஆண் சுண்டெலிகளுக்கே ஈஸ்ட்ரோஜென் ஊசி தொடர்ந்து போட்டு மார்பகப் புற்றுநோயை வரவழைத்தார். ஆனால் அது பெண் எலிகளுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிற வம்சம் (தனியாகப் பரம்பரை பரம்பரையாக வளர்த்த எலி வகை). எல்லா வம்சத்திலும் அதே ஊசிக்கு அதே பலன் கிடைக்காது. எந்த வம்சம், எந்த வயது என்று சொல்லாமல் ஹார்மோன் பெயரை மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்.

கேள்வி: வைரஸ்தான் காரணம் என்று படித்தேனே, அப்புறம் ஹார்மோன் எதற்கு?

நல்ல கேள்வி, விஷயமே இங்கேதான் இருக்கிறது. புற்றுநோய் அதிகம் வரும் வம்சத்துக் குட்டிகளைப் பிறந்தவுடன் வேறு வம்சத்துத் தாயிடம் பால் குடிக்கவிட்டால் கட்டி குறைகிறது என்று 1936இல் பிட்னர் என்ற ஆய்வாளர் அறிவித்தார். பாலில் போவது எம்.எம்.டி.வி. (சுண்டெலி மார்பகக் கட்டி வைரஸ்) என்கிற ரெட்ரோவைரஸ், அதாவது தன் மரபணுவைச் செல்லின் டி.என்.ஏ.வில் செருகிக்கொள்ளும் வகை, என்பது பிறகு தெரிந்தது. அந்த வைரஸின் மரபணு வரிசையின் நுனியில் ஸ்டீராய்டு ஹார்மோன் ஏற்பிகள் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) வந்து ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது, கர்ப்ப ஹார்மோனான புரோஜெஸ்டிரோனோ அட்ரீனல் சுரப்பியின் குளுக்கோகார்ட்டிகாய்டோ ஏறினால் வைரஸ் தன்னைப் படியெடுப்பதும் ஏறும், அதனால் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் அது பெருகிப் பாலில் இறங்குகிறது. அது செல்லின் டி.என்.ஏ.வில் செருகிக்கொள்ளும்போது தற்செயலாக டபிள்யூ.என்.டி.1 மாதிரி வளர்ச்சி மரபணுவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், அந்த மரபணு ஓயாமல் வேலை செய்யத் தொடங்கிவிடும். மார்பகச் செல்களைப் பெருக்குவதும் ஹார்மோன்தான், ஆகவே கெட்டுப்போன அந்த ஒரு செல்லும் சேர்ந்தே பெருகுகிறது.

கேள்வி: மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து இன்னொரு எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் ஏன் வைக்கிறார்கள்?

பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றத்தான். மூளையிலிருந்து வரும் டோபமைன் பிட்யூட்டரியை அடக்கி வைக்கிறது. சிறுநீரகத்துக்குப் போன பிட்யூட்டரிக்கு அந்த அடக்குமுறை எட்டாது, சுரந்துகொண்டே இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: புரோலாக்டின் ஏறினால் சினைப்பையில் புரோஜெஸ்டிரோனும் ஏறும். வருகிற கட்டியை முழுக்கப் புரோலாக்டின் கணக்கில் எழுத முடியாது.

கேள்வி: இளவயதில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவு என்கிறார்கள். எலியில் தலைகீழாக இருக்கிறதே?

ஆமாம், எம்.எம்.டி.வி. உள்ள பல வம்சங்களில் குட்டி போட்டவற்றுக்குத்தான் கட்டி அதிகம். காரணம் மேலே சொன்ன வைரஸ் கதைதான். பெண்களில், இளவயதில் முழு மாதம் சுமந்த கர்ப்பம் நீண்ட காலத்தில் ஆபத்தைக் குறைக்கிறது. எலி முடிவைத் தூக்கி அப்படியே பெண்களுக்குச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. இதையெல்லாம் பயத்தோடு தேடிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கட்டி வந்த பிறகு சினைப்பையை எடுத்தால் சுருங்குமா?

சுண்டெலியில் பெரும்பாலும் சுருங்காது. விதிவிலக்கு ஜி.ஆர். வம்சம், அதில் கர்ப்பத்தில் வளர்ந்து, குட்டி போட்டதும் சுருங்கும் கட்டிகள் உண்டு, அடுத்தடுத்த கர்ப்பங்களில் அந்தக் குணமும் போய்விடும். டி.எம்.பி.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கும் ரசாயனம் கொடுத்த பெரிய ஆய்வக எலிகளில்தான் (ராட், சுண்டெலி அல்ல) பல கட்டிகள் சினைப்பையை எடுத்ததும் சுருங்கின.

கேள்வி: முதல் தடவை இந்த ஆய்வில் இறங்குகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

தீவனத்தை. சோயா கலந்த தீவனத்தில் ஈஸ்ட்ரோஜென் போலச் செயல்படும் பொருட்கள் உண்டு, எல்லாக் கூண்டுக்கும் ஒரே தீவனம் போடுங்கள். ஆண் இல்லாமல் பெண் எலிகளைக் கூட்டமாக அடைத்தால் அவற்றின் பருவச் சுழற்சி தடைபடும், அதையும் குறித்து வையுங்கள். கட்டி தேடும்போது வயிற்றை மட்டும் தடவிவிட்டு விடாதீர்கள். சுண்டெலிக்கு ஐந்து ஜோடிப் பால்சுரப்பி, கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை பரவியிருக்கும், விலாப்பக்கமாகவும் ஏறும். முன்னங்காலுக்குப் பின்னால் தோலை மெதுவாக விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், சின்னக் கட்டி அங்கேதான் தப்பிவிடும்.