பாட்டு வருகிறது, பாடுகிறவரைக் காணோம்!

கேள்வி: அண்ணே, ராமேஸ்வரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கோயிலுக்கு வருகிறவர்களை தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்புவதுதான் பிழைப்பு. போனில் இருந்து ஆக்ஸ் ஒயர் போட்டுப் பாட்டு வைத்தால் ஒரு மாதமாகக் கேட்கச் சகிக்கவில்லை. தபேலா, வயலின் எல்லாம் வருகிறது, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது. போனை சார்ஜில் போட்டால் 'கீஈஈ' என்று ஒரு சத்தம் வேறு. கடையில் காட்டினால் நாலு ஸ்பீக்கரையும் மாற்றி ஆம்ப் போடணும் என்கிறார்கள். போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: வேண்டாம் தம்பி, பணத்தைப் பையிலேயே வையுங்கள். முதலில் அதே ஸ்டீரியோவில் ஒரு பென்டிரைவைச் செருகிக் கேளுங்கள். குரல் ஒழுங்காக வந்தால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. ஒழுங்காகத்தான் வரும் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே தோன்றியது. ஸ்பீக்கர் கிழிந்தால் மத்தளம், குரல் என்று பார்க்காமல் எல்லாமே சேர்ந்து கரகரக்கும், பாடுகிறவரை மட்டும் தேடிப்பிடித்து முழுங்காது.

குரல் மட்டும் போவதற்குக் காரணம் பெரும்பாலும் எர்த். ஆக்ஸ் ஒயரில் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பிப் போக ஒன்று (இதுதான் எர்த்) என்று மூன்று கம்பி இருக்கிறது. இந்தப் பொதுக் கம்பி எங்காவது விட்டுப்போனால் இடதும் வலதும் ஒன்றோடொன்று மோதி, இரண்டிலும் சமமாக இருப்பது அடிபட்டுப் போகும், வித்தியாசம் மட்டும்தான் மிஞ்சும். பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் குரலை நட்டநடுவில், அதாவது இரண்டு பக்கமும் சமமாக வைப்பதுதான் வழக்கம், அதனால் முதலில் காணாமல் போவது அதுதான். ஒரு பக்கமாக ஒதுக்கிப் பதிவு செய்த வயலினும் தபேலாவும் தப்பித்துக்கொள்ளும். கரோக்கிக்காகக் குரலை எடுப்பதற்கும் இதே வித்தையைப் பயன்படுத்துவது உண்டு, உங்களுக்கு அது இலவசமாக நடந்திருக்கிறது!

சரி, எர்த் எங்கே விட்டது? போன் கவரைக் கழற்றிவிட்டு ஒயரின் பின்னைச் செருகிப் பாருங்கள், கவர் தடிமனாக இருந்தால் பின் கடைசி வரை உள்ளே போகாது, அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலே இந்தக் கூத்துதான். அப்புறம் பின்னில் எத்தனை கறுப்பு வளையம் என்று எண்ணுங்கள். காருக்கு இரண்டு வளையம் உள்ளது போதும். மூன்று இருந்தால் அது மைக்குக்கும் சேர்த்துச் செய்த ஒயர், சில ஸ்டீரியோவின் துளையில் அதன் எர்த் சரியான இடத்தில் உட்காராது.

இரண்டும் சரியாக இருந்தால், நம் ஊர் வியாதி: உப்பு. இரண்டு பக்கமும் கடல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறீர்கள், வருகிறவர்கள் ஈரக் காலும் மணலுமாக ஏறுகிறார்கள். உப்பு ஈரத்தைத் தானாக இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பித்தளையும் செம்பும் பச்சை பூத்துவிடும். பின்னை உற்றுப் பாருங்கள், மங்கலாகவோ பச்சையாகவோ இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். ஸ்டீரியோவின் துளைக்கு அதிலேயே நனைத்த மெல்லிய பஞ்சுக் குச்சி, வண்டியை அணைத்துவிட்டு. காயும் வரை பொறுங்கள். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், உப்புத்தாள் எதுவும் கூடாது. உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த மாதமே இன்னும் வேகமாகப் பச்சை பிடிக்கும். (இதைச் சொல்லத் தகுதி இருக்கிறது, நானே ஒருமுறை தேய்த்துவிட்டு, போதாததற்கு இரண்டு ஸ்பீக்கரும் வாங்கிப் போட்டபிறகுதான் ஒயரை மாற்றிப் பார்த்தேன்.) துடைத்தும் சரியாகவில்லை என்றால் புது ஒயர், ஸ்பீக்கர் விலையில் அது ஒரு மூலைக்குக் காணாது.

'கீஈஈ' வேறு கதை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது சத்தமும் ஏறுகிறதா? அப்படியானால் அது வண்டி பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் சத்தம். போன் சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் வழியாகவும் இரண்டு இடத்தில் வண்டியின் எர்த்தோடு சேர்கிறது, அந்தச் சுற்றில் புகுந்து வருகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கும். சார்ஜும் வேண்டும், பாட்டும் வேண்டும் என்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சின்ன டப்பா கிடைக்கிறது, ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் மாட்டுங்கள், மலிவானதில் பேஸ் கொஞ்சம் குறையும். மிதித்தாலும் விட்டாலும் சத்தம் மாறவில்லை என்றால் சார்ஜரே மட்டம், அதைத்தான் மாற்றணும்.

இன்னொன்று, போனில் வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்டீரியோவை முறுக்காதீர்கள், பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். போனில் முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள், மிச்சத்தை ஸ்டீரியோவில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிகரெட் லைட்டரில் செருகுகிற எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் அருமையாகப் பாடுகிறது, தனுஷ்கோடி போனால் நடுவில் சிங்களப் பாட்டு வந்து கலக்கிறது. மாற்ற முடியுமா?
- ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: முடியும், ஆனால் வீட்டு வாசலில் நின்று ஸ்டேஷன் தேடாதீர்கள். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் மலையா கட்டடமா, வெறும் கடல். இலங்கை அலைகளுக்கு நம் கரை அடுத்த தெரு மாதிரி. அரிச்சல்முனைக்கே போய் வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, ரேடியோவை 87.5 முதல் 108 வரை மெதுவாக நகர்த்தி, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு, டிரான்ஸ்மிட்டரையும் அதிலேயே வையுங்கள். 100.5 பக்கம் போகவேண்டாம், அது கொடைக்கானல் பண்பலையின் இடம். கூரை ஏரியலைக் கழற்றினால் வெளி ஸ்டேஷன் பலவீனமாகும், சிலருக்கு அதுவும் கைகொடுக்கிறது. ஆனால் எஃப்.எம். என்றாலே 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி போகாது, ஜாலரா எப்போதும் கொஞ்சம் மங்கல்தான். ஸ்டீரியோவில் ஆக்ஸோ புளூடூத்தோ இருந்தால் டிரான்ஸ்மிட்டரை மறந்துவிடுங்கள்.

கேள்வி: மகன் வெளிநாட்டில் இருந்து புதுப் போன் கொண்டுவந்தான். புளூடூத்தில் கார் ஸ்டீரியோவோடு சேர்த்தால் பாட்டு பழைய டெலிபோனில் கேட்கிற மாதிரி இருக்கிறது.
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: டெலிபோன் மாதிரி என்றீர்களே அக்கா, அதேதான். புளூடூத்தில் பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி. பேச்சு வழியில் ஒலி விநாடிக்கு 8,000 அல்லது 16,000 துணுக்காக, அதுவும் ஒற்றைத் தடத்தில் போகும். பாட்டு வழியில் வழக்கமாக 44,100, இரட்டைத் தடம். உங்கள் போன் பேச்சு வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. புளூடூத் செட்டிங்கில் காரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பல்சக்கரத்தைத் தொட்டு 'மீடியா ஆடியோ' என்பதை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஆனில் இருந்தால் மைக்கைப் பிடித்துவைத்திருக்கிற ஆப் ஏதாவது பின்னால் ஓடுகிறதா என்று பார்த்து மூடச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போனிலும் ஸ்டீரியோவிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டு மறுபடி சேர்க்கணும், ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பல நேரம் பலிக்காது.