மலையில் தோட்டம், கடல் தாண்டிச் சேமிப்பு: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் பணம், வங்கிக் கணக்கு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, குன்னூரில் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மேடம், என் ஊர் கோத்தகிரி பக்கம். இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் வேலை பார்த்தபோது திறந்த சேமிப்புக் கணக்கு அப்படியே இருக்கிறது. ஏ.டி.எம். கார்டு அப்பாவிடம். தேயிலைத் தோட்டத்து இலைப் பணமும் அதில்தான் விழுகிறது, நான் அனுப்புவதும் அதில்தான். பி.பி.எஃப். என்ற நீண்ட காலச் சேமிப்பும் ஒன்று உண்டு. இப்போது எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு ஏக்கர் விலைக்கு வருகிறது. என் சேமிப்பை அனுப்பி என் பெயரில் வாங்கலாமா? பிற்காலத்தில் பணத்தை இங்கே திரும்ப எடுத்துவர முடியுமா?
– பெயர் வேண்டாம், லீட்ஸ்

பதில்: தோட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா அட்வான்ஸ் கொடுத்துவிடப் போகிறாரே என்று கவலையாக இருக்கிறது. உங்கள் பெயரில் அந்த ஏக்கரை வாங்க முடியாது. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்கக் கூடாது. தேயிலை அதில் மாட்டிக்கொள்கிறது. பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்று புரோக்கர் சொல்வார். சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்கள் எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்காமலே போகலாம். பிறகு விற்றுப் பணத்தை வெளியே எடுத்துப்போக வங்கிக்கு வரும்போதுதான் முட்டும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் அபராதம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகும்.

பரம்பரையாக வருவதற்குத் தடை இல்லை. அப்பா உயில் எழுதி, அவர் காலத்துக்குப் பிறகு தோட்டம் உங்களுக்கு வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியருக்குத்தான் விற்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மலையில் பெரியவர்கள் உயில் எழுதத் தயங்குவார்கள். “இருக்கும்போதே செட்டில்மெண்ட் பண்ணிவிடுகிறேன்” என்பார்கள். தான செட்டில்மெண்ட் என்பது நன்கொடை. வீட்டை அப்படிக் கொடுக்கலாம். தோட்டத்தை வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு நன்கொடையாகக் கொடுக்க விதி இடம் தரவில்லை. ஆகவே உங்கள் அப்பா நல்ல மனதோடு செட்டில்மெண்ட் பேச்சை எடுத்தால் நிறுத்தி, உயிலாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் பெயருக்கு வந்த நிலம் இருந்தால் அதைப் பற்றிப் பயம் வேண்டாம், அது உங்களுடையதுதான்.

அப்பா பெயரில் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அப்பாவுக்கு நீங்கள் பணம் அனுப்பலாம், அதற்கு வரி கிடையாது. அந்தப் பணத்தில் அவர் தன் பெயரில் நிலம் வாங்கலாம். ஆனால் அது உண்மையிலேயே அவர் நிலமாக இருக்க வேண்டும். “பெயர் உங்களுடையது, நிலம் என்னுடையது” என்று உள்ளுக்குள் பேசி வைத்துக்கொண்டால் அது பினாமி. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு சொத்தையே அரசு எடுத்துக்கொள்ளலாம். அப்பாவின் நிலம் என்றால், உயில் இல்லாதபோது உங்கள் கூடப் பிறந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. பணம் உங்களுடையது, பங்கு எல்லோருக்கும் என்று ஆகும் நாளில் மனம் உடையும். ஒரு பவுண்டு அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். வங்கியில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இப்படி அழுதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி கணக்கு. வேலைக்கென்று வெளிநாடு கிளம்பினால் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அன்றிலிருந்தே வெளிநாட்டில் குடியிருப்பவர். வருமான வரிக்குத்தான் 182 நாள் கணக்கெல்லாம். பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் உள்ளூர் வருமானத்தை வைக்கும் கணக்காக, மாற்றியிருக்க வேண்டும். இன்னும் மாற்றவில்லையென்றால் இந்த வாரமே வங்கிக்கு எழுதுங்கள். பாஸ்போர்ட், விசா, லீட்ஸ் முகவரிக்குச் சான்று, பான் அட்டை இவற்றின் நகல் கேட்பார்கள். மறைக்க எதுவும் இல்லை, தாமதமாகச் சொல்கிறேன் என்று சொன்னால் போதும். கூடவே, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயில் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கு ஒன்றும் திறந்துகொள்ளுங்கள். இங்கிலாந்திலிருந்து அனுப்புவது இனி அதற்குள்தான் போக வேண்டும். அதிலிருக்கும் அசலும் வட்டியும் எந்தத் தடையும் இல்லாமல் திரும்ப வெளியே போகும், இந்தியாவில் வட்டிக்கு வரியும் இல்லை.

இலைப் பணத்தை அதில் கலக்காதீர்கள். உள்ளூர் வருமானம் என்.ஆர்.இ. கணக்குக்குள் நேராகப் போகக் கூடாது. உங்கள் பாஸ்புக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: ஒரு வரியில் ஃபேக்டரி போட்ட இலைக்காசு, அடுத்த வரியில் நீங்கள் அனுப்பியது, அதற்கும் கீழே உரத்துக்கு எடுத்தது. இதில் எந்த ரூபாய் பவுண்டிலிருந்து வந்தது என்று பத்து வருடம் கழித்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தோட்டம் அப்பா பெயரில் இருப்பதால் இலைப் பணம் அப்பாவின் கணக்குக்கே போகட்டும். ஃபேக்டரியில் கணக்கு எண்ணை மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. அப்பா உங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், ஏ.டி.எம். கார்டைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட வங்கியில் முறையாக அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.

என்.ஆர்.ஓ.வில் இருக்கும் பழைய சேமிப்பு பூட்டிக் கிடக்கப் போவதில்லை. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே எடுத்துப்போகலாம். வரி கட்டியாயிற்று என்பதற்கு வங்கி கேட்கும் படிவமும் பட்டயக் கணக்கர் சான்றும் வேண்டும். அதே வரம்புக்குள் என்.ஆர்.ஓ.விலிருந்து என்.ஆர்.இ.க்கும் மாற்றலாம். என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீத வரியும், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். இங்கிலாந்து வரித்துறையிடம் குடியிருப்புச் சான்று வாங்கிக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி அது 15 சதவீதமாகக் குறையும். பி.பி.எஃப்.ஐ முதிர்வு வரை தொடரலாம், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று. என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை என்பது இந்தியாவில்தான். இங்கிலாந்தில் அது வருமானம், பி.பி.எஃப். வட்டியும் அப்படியே. 2025 ஏப்ரல் 6 முதல், புதிதாக வந்தவர்கள் முதல் நான்கு வரி ஆண்டுகளுக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்குக் கேட்கலாம் என்று வந்திருக்கிறது. தோழிகள் சொன்னார்கள் என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். கேட்கும் ஆண்டில் 12,570 பவுண்டு அடிப்படை விலக்கை இழப்பீர்கள், அதாவது 20 சதவீதத்தில் 2,514 பவுண்டு வரி. அடிப்படை வீதத்தில் வரி கட்டுபவர்களுக்கு எப்படியும் வருடத்துக்கு 1,000 பவுண்டு வரை வட்டிக்கு வரி வராது, நம் ஊர் வட்டியும் அந்த ஆயிரத்துக்குள்தான் சேரும். உங்கள் அளவுக்கு அதுவே போதுமாக இருக்கும்.

கேள்வி: என் கணவர் லண்டனிலிருந்து மாதம் 1,000 பவுண்டு அனுப்புகிறார். “கட்டணமே இல்லை” என்று விளம்பரம் செய்யும் வழியில்தான் அனுப்புகிறார். அப்படியும் ஏதோ குறைகிறதே?
– வாசகி, அருவங்காடு

பதில்: கட்டணத்தைப் பார்க்காதீர்கள், விகிதத்தைப் பாருங்கள். அன்றைய சந்தை விலை பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணத்தை அனுப்பித் தரும் நிறுவனம் 112.50 கொடுத்தால் உங்களுக்கு 2,500 ரூபாய் போயிற்று. ஐந்து பவுண்டு கட்டணம் வாங்கிக்கொண்டு 114.80 கொடுப்பவர் இதைவிட மேல். நாணயம் மாற்றுவதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு, ஆனால் 1,12,500 ரூபாய்க்கு அது சுமார் 191 ரூபாய்தான். வங்கிக்கு வங்கி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக வந்தால் நடுவில் இருக்கும் வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். “கடைசியில் என் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?” என்ற ஒரே கேள்வியை ஒரே நாளில், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். பெரிய தொகை வரும்போது வங்கியிடம் வெளிநாட்டு வரவுச் சான்று கேட்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: துபாயில் 14 வருடம் இருந்துவிட்டு மார்ச் மாதம் கூடலூருக்கே திரும்புகிறேன். கிராஜுவிட்டியும் சேமிப்பும் சேர்த்துக் கொண்டுவருகிறேன். வந்ததும் எல்லாவற்றையும் ரூபாயாக மாற்றிவிட வேண்டுமா? நிலம் வாங்கும் யோசனை இருக்கிறது.
– வாசகர், துபாய்

பதில்: மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெளிநாட்டில் குடியிருந்தபோது சம்பாதித்ததை அங்கேயே வைத்திருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இங்கே கொண்டுவந்து டாலராகவே வைத்திருக்க ஆர்.எஃப்.சி. கணக்கு இருக்கிறது. திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால், டாலரில் வைத்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. என்.ஆர்.இ. கணக்கை மட்டும் திரும்பியதும் சாதாரணக் கணக்காக மாற்றிவிட வேண்டும். வெளிநாட்டு நாணயத்திலேயே போட்ட எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் இருந்தால் முதிர்வு வரை அதே வட்டியில் ஓடட்டும்.

விசாவை ரத்து செய்யும் முன்னால் அங்கே கிரெடிட் கார்டு, கடன் எல்லாவற்றையும் முடித்து, முடிந்தது என்று கடிதம் வாங்குங்கள். கடைசித் தொகை வந்து விழும்போது கடன் பாக்கி இருந்தால் வங்கி கணக்கையே நிறுத்தி வைக்கலாம். ஊருக்கு வந்த பிறகு அதைத் திறக்க அலைவது பெரிய கஷ்டம்.

வரியில் உங்களுக்கு நல்ல காலம். முந்தைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கு, திரும்பிய பிறகும் இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி வராது. அது முடிந்ததும் துபாய்க் கணக்கை வருமான வரிக் கணக்கில் ஒன்று விடாமல் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம்.

நிலத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் இங்கே குடியேறிய பிறகு தோட்டம் வாங்கத் தடை இல்லை. ஆனால் உங்கள் ஊர் கூடலூர். ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலத்துக்குப் பட்டா இல்லாமல் தலைமுறையாகத் தவிப்பவர்களை அங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம். நீங்கள் கொண்டுவரும் பணம் பதினான்கு வருடப் பாலைவன உழைப்பு. தாலுகா அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, எந்தப் பிரிவு என்று எழுத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் அப்பா 1973-இல் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயில் வேலை பார்த்து இறந்துவிட்டார். இலங்கையில் அவருடைய சேமலாப நிதி (பி.எஃப்.) இன்னும் இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 15 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். நம்பலாமா?
– வாசகர், குந்தா

பதில்: பணம் கொடுக்காதீர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோதே இதற்கு வழி எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. திரும்புபவர்கள் தங்கள் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்லலாம், ஒரு குடும்பம் எடுத்துப்போகும் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆகவே பல பேர் கப்பல் ஏறும் முன்பே வாங்கிவிட்டார்கள். வாங்காமல் வந்தவர்களும் உண்டு. தலைமன்னாரில் மூட்டையோடு வரிசையில் நின்ற மக்களுக்கு எந்தப் படிவம் எங்கே போயிற்று என்று பார்க்க அவகாசம் எங்கே இருந்தது?

தேடிப் பார்ப்பதில் தவறில்லை. அப்பாவின் பழைய குடும்ப அட்டை, பாஸ்போர்ட், தோட்டத்தில் கொடுத்த ஏதாவது துண்டுச் சீட்டு வீட்டில் இருந்தால் எடுங்கள். அதில் மூன்று விஷயம் முக்கியம்: தோட்டத்தின் பெயர், உறுப்பினர் எண், அங்கே அப்பாவின் பெயரை எழுதிய விதம். இங்கே வந்து ஆதாரில் எழுதிய எழுத்தும் அங்கே எழுதியதும் ஒன்றாக இருக்காது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டச் சான்று வேண்டியிருக்கும். இலங்கையின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது அந்தச் சேமலாப நிதி. உறுப்பினர் கணக்குகளை இலங்கை மத்திய வங்கி வைத்திருக்கிறது, கோரிக்கைகளைத் தொழில் திணைக்களம் கவனிக்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகலோடு திணைக்களத்துக்கு நீங்களே நேராக எழுதுங்கள். எழுதுவதற்கு 15 ஆயிரம் தேவையில்லை.

கிடைத்தாலும் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். இலங்கை ரூபாய் 2022-இல் மட்டும் டாலருக்கு 200 என்ற அளவிலிருந்து 360 வரை சரிந்தது. வந்தால் உங்கள் சாதாரணச் சேமிப்புக் கணக்கிலேயே வங்கி வழியாக வாங்கலாம், நீங்கள் இங்கே குடியிருப்பவர் என்பதால் தனிக் கணக்கு வேண்டாம். வாரிசாக வரும் பணத்துக்கு இந்தியாவில் வரியும் கிடையாது. பதில் வரும்வரை அசல் ஆவணத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள், கேட்பவருக்கு நகல் கொடுங்கள். எழுதும் கடிதத்தில் சந்தேகம் இருந்தால் இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.