தஞ்சையில் அரைநாள் (கடிதமும் பதிலும்)

வணக்கம். போன புதன்கிழமை குடும்பத்தோடு தஞ்சாவூர் போனோம். பெரிய கோவிலுக்குள் நுழையும்போதே மணி பதினொன்றரை. தரை கொதித்தது. கருவறைக்கு மேல் எழும் கோபுரமான விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்று வழிகாட்டி சொன்னார். சோழர் ஓவியங்களைப் பார்க்க விடவில்லை. சரஸ்வதி மகால் நூலகமும் பூட்டியிருந்தது. பிரமாண்டம்தான், அதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. எங்கே பிசகினோம்?
எஸ்.கே., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.கே.,

முதல் பிசகு கிழமையும் நேரமும். சரஸ்வதி மகாலுக்குப் புதன் விடுமுறை. கோவில் நடை பகல் 12.30க்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். சுமார் 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உள்ள திறந்த முற்றத்தில் உச்சிவெயிலில் வெறுங்காலோடு நின்று எதையும் பார்க்க முடியாது; நிழலைத் தேடி ஓடத்தான் தோன்றும். காலை 6 மணிக்குப் போங்கள். கோவில் கிழக்கு நோக்கியது, வெயில் நேராக விமானத்தின் முகத்தில் விழும்.

நிழல் விழும். விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர், அடித்தளம் பக்கத்துக்கு 30 மீட்டர். பங்குனியிலிருந்து புரட்டாசி தொடக்கம் வரை சரியாக உச்சிவேளையில் மட்டும் உச்சியின் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தரையில் கிடக்கும். உச்சிச் சிகரமும் ஒற்றைக்கல் அல்ல, பல கற்களைச் சேர்த்துக் கட்டியது. பெரிய நந்தி நாயக்கர் காலத்தது; பழைய நந்தி தென்புறத் திருச்சுற்றில் இருக்கிறது, அதை யாரும் காட்டுவதில்லை. வடபக்கம் தொப்பி வைத்த ஐரோப்பியர் உருவத்தைக் காட்டி ராஜராஜன் வருங்காலத்தைக் கண்டான் என்பார்கள். பிற்காலத் திருப்பணியில் சேர்ந்தது அது, அவ்வளவுதான்.

இந்தக் கதைகளால் வரும் நஷ்டம், எல்லோரும் அண்ணாந்தே பார்ப்பது. இந்தக் கோவிலில் பார்க்க வேண்டியது இடுப்புக்குக் கீழே இருக்கிறது. இரண்டாவது வாயிலான ராஜராஜன் திருவாயிலின் அடிப்பகுதியில் கண்ணப்பர், மார்க்கண்டேயர், சண்டேசர் கதைகள் சாண் உயரச் சிற்பங்களாக ஓடுகின்றன. குனியாமல் தெரியாது.

பிறகு விமானத்தின் அதிட்டானம், அதாவது அடித்தளச் சுவர். அது ஒரு கணக்குப் புத்தகம். ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணை அங்கே இருக்கிறது. அக்கன் என்றால் அக்கா, குந்தவை. பொன்னை ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லாலும் நகைகளை ‘தட்சிணமேருவிடங்கன்’ என்ற எடைக்கல்லாலும் நிறுத்து, நகையில் கோத்த முத்துகளை எண்ணி எழுதியிருக்கிறார்கள். எந்த அரசாங்க அலுவலகமும் இன்று இப்படி எழுதுவதில்லை. படிக்க ஒரு வழி: ஐப்பசி முதல் மாசி வரை காலை வெயில் தென்சுவரில் சாய்வாகப் படும், வெட்டின் ஓரத்தில் நிழல் நின்று எழுத்து எழும்பித் தெரியும். நேர்வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். மெய்க்குப் புள்ளி இருக்காது. ‘கல்’ என்பது ‘கல’ என்றே நிற்கும். அதைத் தெரிந்துகொண்டால் பத்து நிமிடத்தில் சில சொற்கள் பிடிபட்டுவிடும்.

ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய குறுகலான உள்சுற்றில் இருக்கின்றன. நாயக்கர் ஓவியத்தின் அடியில் மறைந்திருந்தவை 1931இல்தான் வெளிப்பட்டன. கூட்டம் உள்ளே போனால் மூச்சின் ஈரமே சுண்ணப்பூச்சுக்குக் கேடு, பொதுமக்களை விடாதது நியாயம். வளாகத்திலுள்ள விளக்கக்கூடத்தில் படங்களைப் பாருங்கள்.

வெயில் ஏறியதும் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய்விடுங்கள். காளையை வாகனமாகக் கொண்ட சிவன், திருவெண்காட்டு ரிஷபவாகனர் அங்கே இருக்கிறார், 1011இல் வார்த்த செப்புத் திருமேனி. காளை தொலைந்துவிட்டது. ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, இல்லாத காளையின் மேல் கை ஊன்றி நிற்கிறார். சுற்றி நடந்து முதுகையும், பாம்பும் சடையுமாகச் சுற்றிய தலைக்கட்டையும் பாருங்கள். தஞ்சையில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால், விமானத்தை விட்டுவிட்டு இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

கலைக்கூடத்துக்குச் சீட்டு வாங்க வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.