வவுனியா வயரிங் கோர்ஸுக்கு 180,000 ரூபாய் கட்டலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதன்படி புதுக்குடியிருப்பில் நாலு வருடமாக வயரிங் பாஸோடு உதவியாளாக நிற்கிறீர்கள், நாள் கூலி 2,500. வவுனியாவில் ஆறு மாதக் கோர்ஸுக்கு 180,000 கேட்கிறார்கள். கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கட்டணம் மட்டும் செலவு இல்லை. மாதம் 22 நாள் வேலை என்று வைத்தாலும் ஆறு மாதத்தில் 330,000 கூலி போய்விடும். மொத்தம் 510,000, அறை வாடகையும் சாப்பாடும் வேறு. முடித்த பிறகு நாள் கூலி 3,500 ஆனாலும் மாதம் 22,000தான் கூடுதலாக வரும். போட்ட காசை எடுக்கவே இரண்டு வருடம் ஆகிவிடும்.

உங்களுக்குக் கைவேலை தெரியும், இல்லாதது சான்றிதழ்தான். செய்த வேலையை மதிப்பிட்டு என்.வீ.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது, ஆர்.பி.எல். என்பார்கள். அரச தொழிற்பயிற்சிச் சபையான நைட்டாவின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வேலையை விடத் தேவையில்லை. பாஸிடம் அனுபவக் கடிதம் வாங்குங்கள், நீங்கள் செய்த டிபி போர்ட் (மின் பகிர்வுப் பெட்டி), எர்த் வேலைகளைப் படம் எடுத்து வையுங்கள். மதிப்பீட்டில் செய்துகாட்டவும் சொல்வார்கள், கேள்வியும் கேட்பார்கள். மின்கசிவில் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. ஏன் விழுகிறது, எர்த் எப்படி அளப்பது என்பதையெல்லாம் வாயால் விளக்கிப் பழகுங்கள். பாஸோடு நின்று பழகிய பலர் தடுமாறுவது இதில்தான்.

மேலே படிக்க ஆசை என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, அரச நிறுவனம்.

எங்கே காசு கட்டினாலும், அந்தக் கோர்ஸ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, என்.வீ.கியூ. எந்த மட்டம் என்று முதலில் பாருங்கள்.