ரீச்சரிடம் கேளுங்கள்: ஜூடோ பாயில் ஆணும் பெண்ணும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜூடோ என்ற ஜப்பானிய மற்போர் பற்றித்தான். பரிஸ் ஒலிம்பிக் காணொளி ஒன்றை யாரோ வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள் போல. எனக்குச் சந்தோசம். கிரிக்கெட்டுக்குப் பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோய்க் கிடந்தது.

ரீச்சர், அந்தக் காணொளியில் ஒரே அணியில் ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். ஆணும் பெண்ணும் மோதுவார்களா? நான் பழகப் போகிறேன் என்றதற்கு, "ஆம்பிளைப் பிள்ளைகளோடு கட்டிப் புரளவா?" என்று அப்பா ஏசுகிறார். (மாணவி, உவர்மலை)

இந்தப் பதிலை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டும், பிள்ளை. போட்டியில் பெண் பெண்ணோடுதான், ஆண் ஆணோடுதான். நீர் பார்த்தது கலப்பு அணிப் போட்டி. அணிக்கு ஆறு பேர், எடைப்பிரிவுக்கு ஒருவர்: பெண்களில் 57 கிலோ, 70 கிலோ, 70க்கு மேல், ஆண்களில் 73, 90, 90க்கு மேல். முதலில் நாலு வெற்றி எடுக்கும் அணிதான் வெல்லும். பெண்ணின் வெற்றியும் ஒன்று, ஆணின் வெற்றியும் ஒன்று. இது ஒலிம்பிக்கில் சேர்ந்தது டோக்கியோவில், 2021இல். அன்று ஜப்பானை அவர்களுடைய ஊரிலேயே பிரான்ஸ் வென்றது.

பரிஸில் 2024 ஆகஸ்ட் 3 அன்றும் இறுதிப் போட்டியில் அதே இரண்டு நாடுகள்தான். ஜப்பான் 3-1 என்று முன்னுக்கு நின்றது. 3-2 ஆன பிறகு, 66 கிலோவில் ஒலிம்பிக் சம்பியனான அபே ஹிஃபுமி, தன் எடைக்கு மேலே 73 கிலோவில் இறங்கி, பிரான்சின் காபாவிடம் தோற்றார். மூன்றுக்கு மூன்று. அப்படிச் சமன் ஆனால் கணினியில் சக்கரம் சுழற்றி, எந்தப் பிரிவு திரும்ப மோதுவது என்று பார்ப்பார்கள். வந்தது 90க்கு மேல். பிரான்சின் ரெடி ரினேர் எழும்பி வந்தார், ஜப்பானின் சைத்தோவை விழுத்தினார், கதை முடிந்தது. அந்தச் சக்கரம் சுழன்ற நேரம் நான் அடுப்பில் பாலை மறந்துவிட்டேன்.

அப்பாவுக்கு இன்னொரு கதையும் சொல்லும். 1959இல் நியூயோர்க் மாநில வை.எம்.சி.ஏ. போட்டியில் ரஸ்டி கனோகோகி என்ற பெண் நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டை மயிரோடு ஆண்கள் அணியில் நின்று வென்றார். "நீ பெண்ணா?" என்று கேட்டார்கள். பொய் சொல்லவில்லை, பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. தன் வீட்டை ஈடு வைத்து, 1980இல் அதே நியூயோர்க்கில் பெண்களுக்கான முதல் உலகப் போட்டியை நடத்தினார். ஆண்களுக்கு ஒலிம்பிக் ஜூடோ 1964இல் வந்தது. பெண்களுக்குப் பதக்கத்தோடு வந்தது 1992இல், பார்சிலோனாவில். இடையில் 28 வருசம். பறித்த பதக்கத்துக்கு ஈடாக வை.எம்.சி.ஏ. அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தது 2009இல். அதே வருசம் அவர் இறந்தும் போனார்.

பழகும் இடத்தில் ஆண் பிள்ளைகளோடு பிடிக்க வேண்டி வரலாம், அதை நான் மறைக்கமாட்டேன். விருப்பமில்லை என்றால் பயிற்றுநரிடம் நேரே சொல்லும். நல்ல பயிற்றுநர் பெண் பிள்ளைகளையே சோடி சேர்த்துவிடுவார்.

நாலு நிமிடப் போட்டி என்கிறார்கள், பத்து செக்கனில் முடிந்துவிடுகிறது. யாரும் ஏமாற்றுகிறார்களா? (ஒரு தகப்பன், சாம்பல்தீவு)

இல்லை ஐயா. எதிராளியை வேகமாக, பலமாக, பிடி விடாமல் முதுகு படும்படி எறிந்தால் அது இப்போன், முழு வெற்றி. அதோடு சரி. பாயில் 20 செக்கன் அமத்திப் பிடித்தாலும் இப்போன்தான். கழுத்து நெரிபட்டோ முழங்கை மடங்கியோ எதிராளி கையால் தட்டினாலும் அப்படியே. எறிதல் அரைகுறை என்றால் வசா-ஆரி. அது இரண்டு சேர்ந்தால் இப்போன். அதற்கும் கீழே யூகோ. 2017இல் அதைத் தூக்கிவிட்டார்கள், 2025இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு யூகோவில் பெரிய விருப்பமில்லை. சின்னப் புள்ளி ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு ஓடி ஒளிகிறவர்களுக்குத்தான் அது வசதி. நேரம் முடிந்தும் சமன் என்றால் யாராவது புள்ளி எடுக்கும்வரை, அல்லது மூன்றாவது தண்டனை வாங்கி வெளியேறும்வரை ஆட்டம் போகும்.

தலையை மறைத்துக்கொண்டு விளையாடலாமா, ரீச்சர்? (மாணவி, கிண்ணியா)

இதே கேள்வியோடு 2012இல் லண்டனுக்குப் போனார் சவூதியின் வொஜ்தான் ஷஹர்கானி. வயது 16. கழுத்தைச் சட்டைக் கழுத்தால் நெரிப்பது ஜூடோவில் சட்டப்படியான பிடி; அதனால் கழுத்தைச் சுற்றித் துணி இருந்தால் ஆபத்து என்று முதலில் மறுத்தார்கள். பேசிப் பேசி, கழுத்தைச் சுற்றாத, இறுக்கமான ஒரு தொப்பிக்குச் சம்மதித்தார்கள். 82 செக்கனில் தோற்றார். அரங்கம் கைதட்டியது. நீர் பழகும்போது ஊசி, பின் எதுவும் குத்தாமல் தலையோடு ஒட்டிய தொப்பி போடும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்னமே நடத்துகிறவர்களிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையும்; அன்று காலை வாசலில் நின்று வாதாடக் கூடாது.

பாய் இல்லை. டச்பே கடற்கரை மணலில் பழகலாமா? (நண்பர்கள் நால்வர், திருக்கடலூர்)

விழப் பழகலாம். நானும் அப்படித்தான். கொழும்பில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் ஜூடோ கொஞ்சம் பழகினேன். ஊருக்குத் திரும்பினால் பாய் இல்லை, உடுப்பு இல்லை. அம்மா சீனன்குடா ஆலையின் மாச்சாக்கை வெட்டிச் சட்டை தைத்துத் தந்தார். முதல் இழுவையிலேயே கை தோளோடு கழன்று வந்துவிட்டது. விடியக்காலை வலை இழுக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாடியை நெஞ்சோடு ஒட்டி, தலை நிலத்தில் படாமல், கையால் ஓங்கி அடித்து விழ வேண்டும். அதற்கு முன் மணலைக் கைவிட்டுத் துழாவுங்கள். போத்தல் ஓடு, சிப்பி, தூண்டில் எல்லாம் கிடக்கும். ஒருவரை ஒருவர் எறிய மட்டும் வேண்டாம். மணலில் கால் புதைந்து நிற்கும்போது உடம்பு திரும்பினால் முழங்கால் போய்விடும்.

எனக்கு 16 வயது, 68 கிலோ. 66இல் விளையாட இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை. போட்டி சனிக்கிழமை. (மாணவன், நிலாவெளி)

இதை அச்சில் வாசிக்கும்வரை காத்திருக்க விடாமல் உமக்குத் தொலைபேசியிலேயே ஏசிவிட்டேன். மற்றப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். 73இல் விளையாடும். ஒலிம்பிக் சம்பியன் அபேயே 73இல் இறங்கித் தோற்றுப் போனார் என்று மேலே எழுதியிருக்கிறேன், ஒரு குடியும் முழுகவில்லை. வளருகிற வயதில் தண்ணீரை நிறுத்தினால் முதலில் போவது தலைச்சுற்றாமல் நிற்கும் பலம். சர்வதேசப் போட்டிகளில் முதல்நாள் எடை நிறுத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் சிலரைக் கூப்பிட்டுத் திரும்ப நிறுப்பார்கள். பிரிவின் எடையை விட ஐந்து வீதத்துக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. இப்படிப் பட்டினி கிடந்து இறங்குகிறவர்களைத் தடுக்கத்தான் அது.

நீங்கள் எத்தனை பதக்கம் எடுத்தீர்கள்? (பெயர் வேண்டாம், மூதூர்)

ஒரு வெண்கலம். அந்த எடைப்பிரிவில் நாங்கள் மூன்று பேர். பேரன் அதில் ஓட்டை போட்டுத் தூண்டிலுக்கு ஈயமாகக் கட்டிவிட்டான்.